பச்சைக் கோடு எங்கே முடிகிறது?

எச்சிகோ யுசாவா ரயில் நிலையத்தின் வாசலில் நாங்கள் நால்வரும் வந்து நின்றபோது இரவு மணி எட்டரை. விடுதி 1.4 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பதாகக் கைப்பேசி காட்டியது. “ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்ல, நடந்தே போயிடலாம்” என்று சொன்னது நான்தான். டாக்சிக் காசு மிச்சமாகும் என்பது என் கணக்கு.

பயணப்பெட்டியின் சக்கரம் பனியில் உருளாது என்பதைப் பத்தாவது அடியில் தெரிந்துகொண்டேன். சாலைக்கு இறங்கினால் அங்கே வேறு வம்பு. ஜப்பானின் நீகாத்தா மாநிலத்தில் பனி சாலையில் படியாமலிருக்க, சாலையின் நடுவே பதித்த குழாய்களிலிருந்து நிலத்தடி நீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த நீரில் இரும்புச் சத்து இருப்பதால் சாலையெல்லாம் துரு நிறத்தில் இருந்தது. எங்கள் நால்வரின் காலிலும் சாதாரண ஓட்டக் காலணிகள். விடுதியை அடைய 50 நிமிடமானது. காலுறையைப் பிழிந்தால் பழுப்பு நீர் சொட்டியது.

விடுதி மூன்று மாடிக் கட்டடம். எங்கள் அறை மூன்றாம் மாடியில். மின்தூக்கி இல்லை.

இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தது முழுக்க முழுக்க நான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டின் முதல் பருவம் முடிந்த விடுமுறை அது. என் வகுப்புத் தோழி, ஈப்போவிலிருந்து வந்து என்னுடன் விடுதி அறையில் தங்கிப் படிக்கும் அறைத்தோழி, தேசிய சேவையை அப்போதுதான் முடித்திருந்த சித்தி மகன், நான். ஆளுக்கு 1,800 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று பேசி வைத்திருந்தோம். அறைத்தோழி அந்தப் பணத்தை ஓராண்டாகத் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்திருந்தாள். அவளுடைய அம்மாவிடம் அனுமதி வாங்கியதும் நான்தான். “நீ இருக்கேன்னுதான் விடுறேன்மா” என்றார் அவர். “நான் பார்த்துக்கிறேன் ஆன்ட்டி” என்று சொல்லியிருந்தேன்.

ஜப்பானில் டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரை புத்தாண்டு விடுமுறை. அந்த நாள்களில் உள்ளூர் மக்களே மலைகளை நிறைத்துவிடுவார்கள், அறைக் கட்டணமும் ஏறிவிடும் என்று படித்திருந்ததால் அதைத் தாண்டிப் பயணத்தை வைத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. ஜனவரியின் இரண்டாம் திங்கட்கிழமை, வயதுக்கு வந்தோர் தினம் என்ற பொது விடுமுறை என்பதைப் பார்க்கத் தவறிவிட்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தது அதற்கு முந்திய வியாழக்கிழமை.

யுசாவாவைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும் இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை. சிங்கப்பூரர்கள் பனிச்சறுக்கு என்றதும் ஹொக்கைடோவின் நிசெகோவைத்தான் நினைப்பார்கள். அருமையான இடம்தான், ஆனால் மாணவர் பணப்பைக்கு அது கட்டுப்படாது. யுசாவாவோ தோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். வழியில் 22 கிலோமீட்டர் நீளமான தாய்ஷிமிசு சுரங்கம் இருக்கிறது. சுரங்கத்துக்கு முன்னால் வெறும் தரையும் தெளிந்த வானமும் இருந்தன. வெளியே வந்தால் வீட்டுக் கூரைகளில் ஆளுயரப் பனி. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வந்து, இந்த மலைத்தொடரில் மோதி, இந்தப் பக்கமே எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறது.

விடுதி விளம்பரத்தில் ‘சறுக்குத் தளத்துக்கு 5 நிமிடம்’ என்று இருந்தது. மறுநாள் காலையில்தான் வரவேற்பு முகப்பில் இருந்த முதியவர், அது வண்டியில் 5 நிமிடம் என்று கையால் ஓட்டிக் காட்டினார். மூல ஜப்பானியப் பக்கத்தில் ‘வண்டியில்’ என்ற சொல் சரியாகவே இருந்திருக்கிறது. நான் படித்த மொழிபெயர்ப்பில் அந்த ஒரு சொல் காணாமல் போயிருந்தது. அவர்கள்மீது குறை சொல்ல முடியாது.

பனிச்சறுக்குக் காலணியைப் போட்டுப் பார்க்காதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அது கணுக்காலை அசைய விடாத கெட்டியான பிளாஸ்டிக் கூடு. அதைப் போட்டுக்கொண்டு, தோளில் பலகைகளையும் கையில் கோல்களையும் சுமந்து, வழுக்கும் மேட்டில் 700 மீட்டர் நடப்பது என்பது புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக் கடைக்கு நடப்பது போன்றதன்று. தளத்தை அடைந்தபோதே என் தொடைகள் நடுங்கின.

வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு மணி நேரப் பயிற்சி வகுப்புக்கு முன்கூட்டியே பதிந்திருந்தேன். ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கும் பயிற்றுநர்கள் குறைவு, அங்கே போய்க் கேட்டால் கிடைக்காது என்பதால். நான் உருப்படியாகச் செய்த ஒரு காரியம் அது. முதலில் விழுவதற்கும், விழுந்தபின் எழுவதற்கும் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டி, வேகத்தைக் குறைத்து நிற்பது. நகரும் கம்பளம் எங்களை மேலே இழுத்துச் செல்ல, ஐம்பது மீட்டர் சறுக்கி வர, மீண்டும் கம்பளம். மாலைக்குள் நால்வருமே கீழ்ச் சரிவில் விழாமல் இறங்கினோம். அன்றிரவு அறைத்தோழி அம்மாவுக்குக் காணொளி அனுப்பினாள். ஈப்போவில் குடும்பமே உட்கார்ந்து பார்த்ததாம்.

சனிக்கிழமை நீண்ட வார இறுதிக் கூட்டம் வந்து சேர்ந்தது. கீழ்ச் சரிவு முழுக்கச் சிறுபிள்ளைகளும் குடும்பங்களும். நாற்காலித் தூக்கிக்கு இருபது நிமிடம் வரிசை. நான் வரைபடத்தை விரித்தேன்.

ஜப்பானில் தடங்களுக்கு மூன்று நிறங்கள். பச்சை புதியவர்களுக்கு, சிவப்பு இடைநிலைக்கு, கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. வட அமெரிக்காவில் சிவப்பின் இடத்தில் நீலம் இருக்கும். இன்னொரு தூக்கி மலையின் பாதி உயரத்துக்குப் போவதையும், அதன் உச்சியிலிருந்து பச்சைக் கோடு ஒன்று வளைந்து இறங்குவதையும் கண்டேன். அங்கே வரிசையே இல்லை. “பச்சைதான், போலாம்” என்றேன்.

அந்தக் கோடு தொடங்கும் இடத்தை மட்டுமே பார்த்திருந்தேன். பாதி வழியில் அது ஒரு சிவப்புக் கோட்டுடன் சேர்ந்து, கொஞ்ச தூரம் சிவப்பாகவே இறங்கி, அதற்குப் பிறகுதான் வேறொரு பச்சையாகப் பிரிகிறது. வரைபடத்தில் அந்தச் சிவப்புத் துண்டின் நீளம் என் விரல் நகம் அளவுகூட இல்லை.

அந்தத் துண்டின் தலையில் நாங்கள் வந்து நின்றபோது மாலை மூன்றரை. காலையில் சமன்செய்த பனி, நாள் முழுவதும் பலர் இறங்கியதில் மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. வானம் மூடியிருந்ததால் எது மேடு, எது பள்ளம் என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. எல்லாம் ஒரே வெள்ளை. எங்கள் கால்களில் சக்தி தீர்ந்திருந்தது. சித்தி மகன் தட்டுத்தடுமாறி இறங்கிப்போனான். வகுப்புத் தோழி உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு போனாள்.

“நான் பலகையைக் கழட்டிட்டு ஓரமா நடந்து வர்றேன்” என்றாள் அறைத்தோழி.

“நடந்தா இன்னும் கஷ்டம். இருட்டிடும். என் பின்னாலேயே வா, ஒண்ணும் ஆகாது” என்றேன்.

அவள் வந்தாள். மூன்றாவது திருப்பத்தில் விழுந்தாள். வேகமாகக்கூட இல்லை. வலது பலகையின் முனை பனியில் குத்தி நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பியது. பலகை காலணியிலிருந்து கழன்று விழவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலகையைக் காலணியுடன் இணைக்கும் பிடிப்பான், குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் தானே விடுபட வேண்டும். அந்த விசையை, நம் உயரம், எடை, வயது, திறன்நிலை ஆகியவற்றை வைத்து வாடகைக் கடையில் அமைப்பார்கள். நால்வருக்கும் படிவம் நிரப்பியது நான். திறன்நிலை என்ற இடத்தில், ‘புதியவர்’ என்று போட ஒரு மாதிரியாக இருந்ததால் அடுத்த கட்டத்தில் குறியிட்டேன். அதனால்தான் பலகை கழலவில்லை என்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கட்டத்தில் நான் போட்ட குறி இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது.

சித்தி மகன் மூச்சிரைக்க மேலேறி வந்து, தன் பலகைகளை அவளுக்குச் சற்று மேலே பனியில் குறுக்காக நட்டு வைத்தான். இங்கே ஒருவர் விழுந்து கிடக்கிறார், விலகிப் போங்கள் என்பதற்கு மலையில் அதுதான் அடையாளம். அவனுக்கு அது எப்படித் தெரியும் என்று பிறகு கேட்டேன். விமானத்தில் நான் தூங்கியபோது படித்தானாம். மீட்புக் குழுவினர் சறுக்கு வண்டியுடன் வந்து அவளைப் படுக்கவைத்துக் கட்டினார்கள். கட்டும்போது அவள் என் கையைப் பிடித்துச் சொன்னது ஒன்றுதான்: “எங்கம்மாகிட்ட நீதான் சொல்லணும்.”

மருந்தகத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை. முழங்காலின் உட்பக்கத் தசைநார் பாதி கிழிந்திருந்தது. காலுக்குப் பட்டையும் இரண்டு ஊன்றுகோலும் கொடுத்து அனுப்பினார்கள். பணத்தை அங்கேயே கட்டிவிட்டு, ரசீதை வைத்துக் காப்புறுதி நிறுவனத்திடம் பிறகு கேட்க வேண்டும். பயணக் காப்புறுதியை எடுத்தபோது, தடத்துக்குள் சறுக்குவதற்கு அது பொருந்துமா என்று படித்துப் பார்த்திருந்தேன். பொருந்தியது. பல திட்டங்களில், கயிறு கட்டிய எல்லையைத் தாண்டிப் போனால் பாதுகாப்பு இல்லை.

பிறகு விடுதிக்கு வந்தோம். மூன்று மாடி, 51 படிகள். அந்த எண்ணிக்கை எனக்கு ஏன் தெரியும் என்றால், சித்தி மகன் அவளை முதுகில் சுமந்து ஏறும்போது ஒவ்வொன்றாக எண்ணினான். ரயில் நிலையத்துக்கு அருகில், மின்தூக்கி உள்ள விடுதிக்கு மாறலாம் என்று ஒன்பது இடங்களுக்கு அழைத்தேன். நீண்ட வார இறுதியில் ஓர் அறைகூட இல்லை. குளியல், நிலத்தடித் தளத்தில் உள்ள பொது வெந்நீர்க் குளியலறையில் மட்டும்தான் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

ஆன்ட்டியை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன். நடந்து வருவதாக அவள் சொன்னதையும், வேண்டாம் என்று நான் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். கொஞ்ச நேரம் எதிர்முனையில் சத்தமே இல்லை. பிறகு, “சாப்பிட்டாளா?” என்று கேட்டார். அதன்பின், “பாத்ரூமுக்கு எப்படிப் போறா?” திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த இரண்டு நாள் அவள் அந்த அறையின் ஜன்னல் அருகே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். விடுதியில் உணவு கிடையாது. ஏழு மணிக்கு மேல் சுற்றுவட்டாரத்தில் கடையும் கிடையாது. அவள் சைவம். சாதாரண சூப்பில்கூட மீன் சாறு சேர்க்கும் ஊரில், அவளுடைய அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலும், நான் ரயில் நிலையத்துப் பக்கம் போய் வாங்கி வந்த வெறும் சோறும்தான் சாப்பாடு. மற்ற இருவரும் மலைக்குப் போகட்டும் என்று அவளே விரட்டினாள். நான் போகவில்லை.

அந்த இரண்டு நாளில் எனக்கு நிறைய நேரம் இருந்தது. போவதற்கு முன் பார்த்திருக்க வேண்டியவற்றையெல்லாம் அப்போதுதான் பார்த்தேன்.

சரிவைப் பாகையில் கேளுங்கள்

தடத்தின் நிறம் அந்த மலைக்குள் உள்ள ஒப்பீடு மட்டுமே. எல்லா மலைகளுக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு மலையின் பச்சை இன்னொரு மலையில் சிவப்பாக இருக்கலாம். அதனால் நிறத்தைவிட எண்ணைப் பாருங்கள். ஜப்பானியத் தளங்கள் பலவும் ஒவ்வொரு தடத்துக்கும் சராசரிச் சாய்வையும் அதிகபட்சச் சாய்வையும் பாகைக் கணக்கில் வெளியிடுகின்றன. நம் வீவக புளோக்கின் அடியில் சக்கர நாற்காலிக்காக இருக்கும் சரிவு ஏறக்குறைய 5 பாகை. பத்துப் பாகையில் 10 மீட்டர் முன்னே போனால் 1.8 மீட்டர் இறங்குவீர்கள். இருபதில் 3.6 மீட்டர். தாளில் இரண்டு மடங்குதான். முதல்முறை மேலே நின்று பார்ப்பவருக்கு அது சுவராகத் தெரியும். சராசரி 9 என்று போட்டிருந்தாலும் அதிகபட்சம் 20 என்றால், அந்த 20 எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஏறாதீர்கள்.

விளம்பரங்கள் பெரிதாகப் போடும் எண் வேறு: மலை எவ்வளவு உயரம், எவ்வளவு இறக்கம். யுசாவாவில் உள்ள நயேபாவின் உச்சி 1,789 மீட்டர். அங்கிருந்து அடிவாரம் வரை 889 மீட்டர் இறக்கம். நம் புக்கிட் தீமா குன்று 164 மீட்டர்தான். ஆனால் முதல் மூன்று நாளில் நீங்கள் பயன்படுத்தப்போவது அந்த மலையின் கால் விரலை மட்டும். உச்சிக்காகப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. அடிவாரம் அகலமாகவும் சாய்வு குறைவாகவும் இருக்கிறதா என்பதே கேள்வி. அதே ஊரில் உள்ள இவாப்பாரா அப்படிப்பட்ட அடிவாரத்துக்குப் பெயர்பெற்றது.

பிறகு, இறங்கும் வழி. பச்சைத் தடத்தைக் கண்டதும் அதன் மேல்முனையில் விரலை வைத்து, கோட்டை விடாமல் கீழ்வரை இழுத்து வாருங்கள். நடுவில் வேறு நிறம் குறுக்கிட்டால் அது பச்சை அல்ல. முடியாவிட்டால் தூக்கியிலேயே திரும்பி இறங்க விடுவார்களா என்றும் கேளுங்கள். நாங்கள் ஏறிய நாற்காலித் தூக்கியில் விடமாட்டார்கள். காலா யுசாவாவில் நிலைமை வேறு. அங்கே புதியவர்களுக்கான சரிவே கோண்டோலா கொண்டுபோய் விடும் மேல்தளத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து அடிவாரத்துக்கு இரண்டரை கிலோமீட்டர் நீளத் தடம் ஒன்று உண்டு. அது புதியவர்களுக்கு அன்று. ஆனால் மாலையில் எல்லாரும் கோண்டோலாவில் ஏறி இறங்கிவிடலாம், யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள்.

காலா யுசாவாவுக்கு இன்னொரு வசதி. ஷின்கான்சென் ரயில் நேராக அந்தத் தளத்தின் கட்டடத்துக்குள்ளேயே போய் நிற்கிறது. குளிர்காலத்தில் மட்டும் இயங்கும் நிலையம் அது. உடை, காலணி, பலகை எல்லாம் உள்ளேயே வாடகைக்குக் கிடைக்கும். பனிச்சறுக்கு உங்களுக்குப் பிடிக்குமா என்றே தெரியாதபோது நான்கு இரவு அறை எடுப்பதைவிட, தோக்கியோவில் தங்கிக்கொண்டு ஒருநாள் போய்வருவது புத்திசாலித்தனம். பிடிக்காவிட்டால் ஒருநாள்தான் நட்டம்.

தங்க முடிவு செய்தால், என் கணிப்பில் மாணவர்களுக்கு இரண்டு வழிகள்தான் சரிப்படும். ஒன்று, சரிவின் அடியிலேயே தங்குவது. நயேபாவில் பெரிய ஹோட்டல் சரிவின் முன்னாலேயே இருக்கிறது. களைத்தவர் அறைக்குத் திரும்பிவிடலாம், மற்றவர்கள் சறுக்கலாம். ஆனால் எச்சிகோ யுசாவாவிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேரம். போய்விட்டால் அதே மலை, அதே உணவகங்கள். இன்னொன்று, ரயில் நிலையத்தை ஒட்டித் தங்குவது. அங்கிருந்து பல தளங்களுக்கு இலவசப் பேருந்துகள் புறப்படுகின்றன. இன்று கூட்டமாக இருந்தால் நாளை வேறு மலைக்குப் போகலாம். சாப்பாட்டுக் கடையும் மருந்துக் கடையும் நடக்கும் தூரம். பேருந்தின் முதல் நேரத்தையும் கடைசி நேரத்தையும் மட்டும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில், எதற்கும் பக்கத்தில் இல்லாமல், விலையை மட்டும் வைத்து நான் எடுத்ததைப் போன்ற இடம் உண்மையில் மலிவு அல்ல. நான்கு நாளில் டாக்சிக்கே நாங்கள் கொடுத்த பணத்தில் நிலையத்தருகே அறை எடுத்திருக்கலாம்.

இன்னும் சில கேள்விகள் அற்பமாகத் தெரியும். ஈரக் கையுறையையும் காலணியையும் உலர்த்தத் தனி அறை உண்டா? நேற்றைய ஈரக் கையுறையை மறுநாள் காலையில் மாட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இரவு உணவு சேர்ந்ததா? சைவம் என்று எழுதினால் மீன் சாறையும் தவிர்ப்பார்களா? அந்த நூறு மீட்டர் சமதரையா, மேடா? மின்தூக்கி உண்டா?

திங்கட்கிழமை ஊர் திரும்பினோம். அறைத்தோழி ஏழு வாரம் ஊன்றுகோலுடனும் பட்டையுடனும் வகுப்புக்கு வந்தாள். விரிவுரை மண்டபங்களுக்கு அவளுடைய பையை நான் தூக்கினேன். சீனப் புத்தாண்டு விடுப்பில் அவளை ஈப்போவில் கொண்டுபோய் விட்டபோது ஆன்ட்டி எனக்குத் தனியாக முறுக்கு கட்டிக் கொடுத்தார். அந்த விபத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “படிகட்டு இல்லாத ரூமா கேட்டு வாங்கிக்கங்க” என்று மட்டும், பல்கலைக்கழக விடுதியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

மீண்டும் போகலாம் என்ற பேச்சை நான் எடுக்கவே இல்லை. எடுக்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. போன வாரம் நூலகத்தில் எதிரே உட்கார்ந்திருந்த அவள் தன் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு மலையின் வரைபடம். அதை மூன்று மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தாள். இந்தமுறை விடுதியை அவள்தான் பார்ப்பாளாம், வாடகைக் கடைப் படிவத்தையும் அவளே நிரப்புவாளாம். என் வேலை, வரைபடத்தைச் சரிபார்ப்பது.

“இந்தப் பச்சைக் கோடு எங்கே முடியுது பாரு” என்றாள். மேல்முனையில் விரலை வைத்தேன்.